ஸ்ப்ரிங்கை இறுக்கிப் பிரிட்ஜைப் படுக்க வைக்காதீர்கள்

சேக்காடு, பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் வட்டாரத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் சிலர் ஞாயிறு காலை சர்ச் கொயரில் வாசிக்கிறீர்கள். சிலர் கல்லூரி பேண்டில் இருக்கிறீர்கள். முகூர்த்த நாளானால் ரிசப்ஷன் மேடையில் ஆர்கெஸ்ட்ராவோடு நிற்பவர்களும் உண்டு. செட்டப்புக்காகச் சேக்காட்டில் என்னிடம் வரும் உங்கள் கிட்டார்களில் ஃப்ளோட்டிங் ட்ரெமலோ வைத்தவற்றைப் பின்பக்கம் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஸ்ப்ரிங்குகள் மாட்டும் க்ளாவைப் பிடிக்கும் இரண்டு ஸ்க்ரூவும் மரத்துக்குள் முழுசாக இறங்கியிருக்கும். ஐந்து ஸ்ப்ரிங்கையும் மாட்டியிருப்பார்கள். பிரிட்ஜின் வால் பள்ளத்துக்குள் போய்ப் படுத்திருக்கும். பார் எங்கே என்று கேட்டால், வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்பீர்கள். "அண்ணா, இதுல சுருதி நிக்காது, அதான் டைட் பண்ணிட்டோம்" என்பது கூடவே வரும் பதில்.

சுருதி நிற்கும். நிற்பதற்காகவே செய்த பொருள் அது. உங்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. விற்ற கடையில் சொல்ல நேரமில்லை. வீடியோக்களில் பாதி, விற்பவர்களே போட்டவை. அதனால்தான் இந்த மடல்.

ஒரு பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1954 இல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோதே பிரிட்ஜுக்கு அடியில் இரும்புக் கட்டையும், பின்னால் ஸ்ப்ரிங்கும் வந்துவிட்டன. பாரை மெதுவாக அசைத்தால் போதும் என்ற காலம் அது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதைத் தரையோடு அமுக்கி வாசிக்க ஆரம்பித்த பிறகு எல்லோருக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது; அமுக்கி விட்டதும் சுருதி போய்விடுவதுதான் சிக்கல். அமெரிக்காவில் ஃபிளாய்ட் ரோஸ் என்ற இளைஞர் ராக் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தார். நகை செய்யும் வேலையும் அவருக்குத் தெரியும். நட்டுக்கு மேல் கம்பி வழுக்குவதால்தான் சுருதி போகிறது என்று கண்டுபிடித்து, 1970களின் பிற்பாதியில், பித்தளையில் கையாலேயே ஒரு நட்டைச் செய்து கம்பிகளை அங்கேயே பூட்டினார். பித்தளை சீக்கிரம் தேய்ந்தது. அடுத்ததைக் கடினப்படுத்திய எஃகில் செய்தார். பிரிட்ஜ் முனையிலும் கம்பியைப் பூட்டினார். 1979 இல் காப்புரிமை கிடைத்தது. எட்டி வான் ஹேலன் கைக்கு அது போன பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பித்தளையும் எஃகும். இது முழுக்கப் பட்டறை வேலை. எந்த உலோகம் எங்கே தேயும், எவ்வளவு இறுக்கினால் மரை போகும், எது எதன்மேல் உரசக்கூடாது என்று தெரிந்த ஒருவர் செய்தது. நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அம்பத்தூரில் சைக்கிள் செய்தார்கள். 1964 இல் அங்கே எஸ்டேட் என்று நாம் சொல்லும் தொழிற்பேட்டை வந்தது. உங்களில் பாதிப் பேரின் அப்பாவோ தாத்தாவோ பெரியப்பாவோ ஃபிட்டர், டர்னர், டூல் ரூம் ஆள். வெர்னியரும் ஃபீலர் கேஜும் ஆலன் கீ செட்டும் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். கம்பி வாங்க அண்ணா சாலைக்கு, 1842 இலிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் வரை நீங்கள் போகலாம். ஆனால் இந்தப் பிரிட்ஜை நிறுத்தத் தேவையான கைப்பழக்கம் ஆவடி லோக்கலில் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. அப்பாவிடம் கிட்டாரைக் கொடுத்து "இந்தக் கத்தி முனையைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேளுங்கள். நீங்கள் வாசிப்பதை இதுவரை சத்தம் என்று சொன்ன மனிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கத்தி முனை என்று சொன்னேன். பிளஸ் டூ இயற்பியல் லேபில் தராசின் தண்டு ஒரு கூரிய விளிம்பின் மேல் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பிரிட்ஜும் அப்படித்தான் நிற்கிறது. தகட்டின் முன்விளிம்பு இரண்டு போஸ்ட்டுகளின் பள்ளத்தில் சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன, மறுபக்கம் உடம்புக்குள்ளே ஸ்ப்ரிங்குகள் இழுக்கின்றன. 9–42 செட்டை 25.5 அங்குல ஸ்கேல் கிட்டாரில் வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். அதே கிட்டாரில் 10–46 போட்டால் அது 47 கிலோ பக்கம் போய்விடும். செட்டை மாற்றியதும் பிரிட்ஜ் மேலே எழும்பி நிற்கிறதே என்று பயந்துபோய் வருகிறீர்களே, அது பழுது கிடையாது. ஒரு பக்கம் ஒன்பது கிலோ கூடியிருக்கிறது, மறுபக்கம் நீங்கள் எதையும் கூட்டவில்லை. அரை கட்டை இறக்கினாலும் இதே கணக்குதான். இழுவிசை சுமார் 11 சதவீதம், அதாவது நாலு கிலோவுக்கு மேல் குறைகிறது. ஸ்ப்ரிங் ஜெயித்து வால் உள்ளே இறங்குகிறது.

ஆகவே முதல் வேலை, கருவியை எடுக்கும் முன்பே, ஒரு முடிவு. எந்த செட், எந்த சுருதி. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சுருதி என்று வைத்துக்கொண்டால் ஒரு தடவை செய்த செட்டப் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். கடைக்காரர் அன்றைக்குக் கையில் இருப்பதைக் கொடுத்தால் வாங்கி வராதீர்கள்.

கம்பி மாற்றும்போது பிரிட்ஜின் வாலுக்கு அடியில், பள்ளத்தில், துணி சுற்றிய மரத்துண்டு ஒன்றை வையுங்கள். தகடு பாடிக்கு இணையாக நிற்கும் உயரத்துக்கு அது இருக்க வேண்டும். எல்லாக் கம்பியையும் கழற்றினாலும் ஸ்ப்ரிங் பிரிட்ஜை உள்ளே இழுத்துக்கொள்ளாது. விரல்பலகையை நிதானமாகத் துடைக்கலாம். புதுக் கம்பியின் குண்டை, முறுக்கு முடியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டு நுனியை சாடிலில் நேராக நுழைத்துப் பூட்டுங்கள். பெரும்பாலான ஃபிளாய்ட் ரோஸ் வகைகளில் இந்தப் பூட்டுக்கும் நட்டின் பூட்டுக்கும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ. டப்பாவில் இலவசமாக வரும் கீயைத் தூக்கிப் போட்டுவிட்டு, எஸ்டேட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் நல்ல எஃகுக் கீ ஒன்று வாங்குங்கள். முனை மழுங்கிய கீ போல்ட்டின் அறுகோணத்தை வட்டமாக்கிவிடும். அதைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். இறுக்குவதும் அளவோடுதான். கீயின் குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து, அது நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம். முழுக் கை பலத்தையும் காட்டினால் சாடிலுக்குள் இருக்கும் சின்னக் கட்டை நசுங்கும், சாடிலே விரிசல் விடும்.

இப்போது துண்டை எடுத்துவிடுங்கள். நட்டின் பூட்டுத் தகடுகளைக் கழற்றி வையுங்கள். ஃபைன் ட்யூனர் ஆறும் நடுவில் நிற்கட்டும். ஆறாவது கம்பியிலிருந்து சுருதி சேர்க்கத் தொடங்குங்கள். பொறுமை வேண்டிய இடம் இதுதான். ஐந்தாவதை ஏற்றும்போது ஆறாவது இறங்கும். நாலாவதை ஏற்றினால் இரண்டும் இறங்கும். முதல் கம்பிக்கு வந்து சேரும்போது ஆறாவது எங்கேயோ போயிருக்கும். நம் பிள்ளைகள் பலர் கை விடுவது இங்கேதான். சுருதி நிற்கவில்லை என்று முடிவு கட்டி ஸ்க்ரூட்ரைவரை எடுத்து க்ளாவை முழுசாக இறக்குகிறார்கள். விட்டுவிடாமல் மறுபடியும் ஆறிலிருந்து வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிசகு குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு சுற்றுகளில் ஆறு, ஒன்று, ஐந்து, இரண்டு, நாலு, மூன்று என்று வெளியிலிருந்து உள்ளே வந்தால் பாரம் இரண்டு பக்கமும் சமமாக ஏறும். நடுநடுவே ஒவ்வொரு கம்பியையும் விரலால் மேலே இழுத்து நீட்டிவிடுங்கள். புதுக் கம்பிக்கு அது அவசியம்.

ஆறும் சுருதியில் நின்ற பிறகுதான் பிரிட்ஜைப் பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. கிட்டாரைப் பக்கவாட்டில் கண் மட்டத்துக்குத் தூக்குங்கள். தகட்டின் கீழ்விளிம்பு பாடிக்கு இணையாக இருக்கிறதா? சந்தேகமாக இருந்தால் ஸ்டீல் ஸ்கேலை வைத்து முன்னும் பின்னும் அளந்துவிடுங்கள். வால் எழும்பியிருந்தால் பின்பக்கம் க்ளா ஸ்க்ரூ இரண்டையும் உள்ளே திருப்ப வேண்டும், இறங்கியிருந்தால் வெளியே. ஒரு தடவைக்குக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. பிறகு ஆறு கம்பிக்கும் மறுபடி சுருதி. பிறகு மறுபடி பார்வை. க்ளாவில் சாலிடர் செய்திருக்கும் எர்த் வயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்; அது விட்டுப்போனால் ஆம்ப்பில் இரைச்சல் வரும், அதற்கு வேறு எங்கேயோ காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒன்பது செட்டுக்கு மூன்று ஸ்ப்ரிங் போதும். பத்து செட்டில் ஸ்க்ரூ ரொம்ப உள்ளே போகிறது என்றால் நாலாவதை மாட்டுங்கள். ஐந்து ஸ்ப்ரிங் மாட்டினால் சுருதி நன்றாக நிற்கும் என்பது வெறும் நம்பிக்கை. எத்தனை மாட்டினாலும் சமநிலையில் இழுவிசை அதேதான், பார் மட்டும் கல் மாதிரி ஆகிவிடும்.

ஆக்‌ஷன் உயரத்துக்காக போஸ்ட்டைத் திருகுவது பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கம்பி முழு இழுவையில் இருக்கும்போது திருகவே கூடாது. 38 கிலோவுக்கும் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் விளிம்பின் மேல் போஸ்ட்டைச் சுழற்றினால் கத்தி முனை அரைபடும். தளர்த்திவிட்டுத் திருகுங்கள், அப்புறம் ஏற்றிப் பாருங்கள். இன்டொனேஷனும் அப்படித்தான்: பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம், அதே இடத்து ஹார்மோனிக்கை விட ஏறி நின்றால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கி நின்றால் முன்னுக்கு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான். கடைசியில் நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி ஏறுகிறது என்றால் கம்பிகள் நட்டின் தளத்தில் ஒட்டிப் படியவில்லை என்று அர்த்தம். நட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குப் பட்டையின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். மிச்சத்தை ஃபைன் ட்யூனர் பார்த்துக்கொள்ளும். பூட்டிய பிறகு தலைப்பக்கத்துக் கீயைத் தொடாதீர்கள். திருகினால் கம்பி அறும்.

சோதனை எளிது. பாரை முழுக்க அமுக்கி விடுங்கள், ட்யூனரைப் பாருங்கள். மேலே இழுத்து விடுங்கள், மறுபடி பாருங்கள். பூட்டு இல்லாத ஸ்ட்ராட் வகையில், அமுக்கி விட்ட பிறகு ஏறியும், இழுத்து விட்ட பிறகு இறங்கியும் நின்றால் நட்டின் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் தேய்த்தாலே பாதி தீரும். இரண்டு முனையும் பூட்டிய பிரிட்ஜில் இது நடந்தால் நட்டுப் பூட்டு தளர்ந்திருக்கலாம், போஸ்ட் மரத்தில் ஆடலாம், அல்லது கத்தி முனை போயிருக்கலாம். கம்பியைக் கழற்றிப் பிரிட்ஜை எடுத்து அந்த விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. விலை குறைந்த நகல்களில் துத்தநாகக் கலப்பு வார்ப்பில் செய்கிறார்கள். அதில் விளிம்பு சீக்கிரம் மழுங்கும். அதைச் செட்டப்பால் சரிசெய்ய முடியாது. நேராகச் சொல்கிறேன்: அந்த மாதிரி பிரிட்ஜில் உங்கள் நேரத்தைப் போடாதீர்கள். பாரைக் கழற்றிவிட்டு, கட்டை வைத்து அசையாமல் பூட்டி வாசியுங்கள். நல்ல பிரிட்ஜை அப்படிப் பூட்டி வைப்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்லோரும் மிதக்க விட்டுத்தான் ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களுக்கு மேடையில் வரும் கஷ்டங்கள் வேறு. ஒரு கம்பி அறுந்தால் அது தாங்கிய பாரம் போய், மிச்ச ஐந்தும் ஒரே நேரத்தில் ஏறிவிடும். பாட்டு நடுவில் அப்படியே நிற்க வேண்டியதுதான். ஒரு பாட்டுக்கு மட்டும் ஆறாவது கம்பியை டி-க்கு இறக்க முடியாது. உங்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. பின்பக்கம், இரும்புக் கட்டைக்கும் ஸ்ப்ரிங் இருக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே, இடைவெளியைச் சரியாக அளந்து ஒரு தேக்குத் துண்டை ஒட்டிவிடுங்கள். க்ளாவை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால் கட்டை அந்தத் துண்டின் மேல் அழுந்தி நிற்கும். பாரைக் கீழே அமுக்கலாம், மேலே இழுக்க முடியாது. கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. சர்ச்சில் வாசிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் புதுக் கம்பி போட்டு மிதக்க விடும் வேலை வேண்டாம். அந்தத் துண்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும், அதனால் உளியை விட உப்புத்தாள் நல்லது. தேய்த்துத் தேய்த்துப் பொருத்துங்கள்.

முழுக்க மிதக்க விடுபவர்களுக்கு வேறொரு பாடம் இருக்கிறது, நம் சங்கீதத்தோடு சம்பந்தப்பட்டது. ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐஐடியில் படித்த கிட்டார் பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி வாசிப்பவர். அவர் கமகங்களை இடது கை விரலில் இழுத்தும் நகர்த்தியும் கொண்டு வருகிறார். அதை மிதக்கும் பிரிட்ஜில் முயன்றால் ஒன்று கவனிப்பீர்கள். ஒரு கம்பியை இழுத்தவுடன் பாரம் கூடி பிரிட்ஜ் கொஞ்சம் முன்னால் சாயும், திறந்து ஒலிக்கும் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் இறங்கும். சுருதிக் கம்பியைத் தட்டிக்கொண்டே கமகம் வாசிக்க விரும்புபவர்களுக்கு இந்தப் பிரிட்ஜ் ஏற்றதில்லை. ஸ்வரத்தை அடைய விரலை வழக்கத்தை விடக் கூடுதலாகவும் இழுக்க வேண்டும். உள்ளங்கையைப் பிரிட்ஜின் மேல் ஊன்றி மியூட் செய்பவர்களுக்குச் சுருதி ஏறும். கையைச் சற்று முன்னால், கம்பியின் மேலேயே வைக்கப் பழக வேண்டும்.

அதே நேரத்தில், ஸ்வரத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரே அசைவில் போய் வருவது விரலால் கஷ்டம், பாரால் எளிது. ஜெஃப் பெக் 1989 இல் வெளியிட்ட 'வேர் வேர் யூ' என்ற துண்டைக் கேளுங்கள். மெட்டின் ஸ்வரங்களைப் பாரைப் பிடித்தபடியேதான் பாட வைத்திருப்பார். பூட்டு இல்லாத ஸ்ட்ராட் பிரிட்ஜை மிதக்கவிட்டு வாசித்தவர் அவர். நம் மெல்லிசை மெட்டு ஒன்றை எடுத்து, முதலில் வாயால் பாடி, எந்த ஸ்வரத்தில் குரல் நடுங்குகிறது, எந்த ஸ்வரத்துக்குக் கீழிருந்து ஏறி வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் மட்டும் பாரைத் தொடுங்கள். நடுக்கத்தை எல்லா ஸ்வரத்துக்கும் போட்டால் கேட்பவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

வியர்வை பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஊர் மே மாதத்தில் அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. சாடில் ஸ்க்ரூவும் நட்டு போல்ட்டும் துருப்பிடிக்கும் முதல் காரணம் உள்ளங்கை உப்பு. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் பிரிட்ஜைத் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். மரைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, குச்சி நுனியில் தொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுவிடாதீர்கள்; தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். கத்தி முனை உட்காரும் பள்ளத்தில் கிரீஸ் கடுகளவு. ஏசி ஹாலில் சேர்த்த சுருதி, வெளியே விளக்கு வெளிச்சத்தில் கம்பி சூடாகும்போது இறங்கும். பூட்டு அதைத் தடுக்காது. மேடையிலேயே கிட்டாரைப் பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு ஃபைன் ட்யூனரைத் தொடுங்கள்.

கடைசியாக, எஸ்டேட்டில் லேத்தும் மில்லிங்கும் வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மடலை வீட்டில் யாராவது படித்துக் காட்டினால் போதும். பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் கட்டை நகல்களில் இலேசான வார்ப்பாக இருக்கிறது. கனமான பித்தளைக் கட்டை போட்டால் சத்தத்தின் நீளமும் கனமும் மாறுவது என் காதுக்குத் தெளிவாகக் கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு வரியும் சேர்கிறது. ஃபிளாய்ட் ரோஸ் வகைக்கு இதன் உயரம் பொதுவாக 32, 37, 42 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. கிட்டாரின் தடிமனைப் பொறுத்தது. மேலே தகட்டோடு சேரும் ஸ்க்ரூத் துளைகள், கீழே ஸ்ப்ரிங் மாட்டும் ஐந்து துளைகள். பழைய கட்டையைக் கொடுத்தால் பார்த்துச் செய்துவிடக்கூடிய வேலைதான். பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து வந்தால் ஒரே பித்தளைப் பாரிலிருந்து வெட்டிக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, பழைய கட்டையைக் கழற்றும் முன் வெர்னியரால் அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஸ்ப்ரிங் துளையின் ஆழத்தையும் சேர்த்து. க்ளா மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஸ்கேலை வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டையோடு அம்பத்தூர் போகலாம்.

அன்புடன்,
சேக்காட்டிலிருந்து உங்கள் அண்ணன்